எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான்?

மேசையோரம்

என் மகனுக்கு அப்போது நாலரை மாதம். டயாப்பர் மாற்றுவதற்காக மேசை மேல் படுக்க வைத்திருந்தேன். துடைக்கிற துணி பின்னால் அலமாரியில் இருந்தது. திரும்பி எடுத்தேன், அவ்வளவுதான். தொப்பென்று சத்தம். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்றைக்குத்தான்.

முந்தின நாள் வரை அவன் குப்புற விழுந்ததே இல்லை. முதல் தடவை விழுந்ததே மேசை விளிம்பில்.

அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்தான்?" நான் "கட்டில்லேர்ந்து" என்று சொல்லி முழங்கால் அளவுக்குக் கையைக் காட்டினேன். பொய். மேசை என் இடுப்புக்கு மேலே வரும். "குழந்தையை மேசை மேலயா படுக்க வைப்பாங்க?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தேன், தாங்கவில்லை. உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அவன் தலை முழுவதையும் இன்னொரு தடவை விரல்களால் தடவிப் பார்த்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தவர், நான்கு மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்.

பயல் நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. இப்படி வேறு யாராவது செய்திருக்கிறீர்களா, இல்லை நான் மட்டும்தானா?

இரவுப்பணி

நீங்கள் மட்டும் இல்லை. குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். எங்களிடம் வருகிற குழந்தைகள் எல்லோரும் முதலில் கட்டிலிலிருந்துதான் விழுவார்கள். அரை மணி நேரம் கழித்து அதில் சில கட்டில்கள் மேசையாகும், சில மாடிப்படியாகும். ஒன்றிரண்டு, அப்பாவின் தோளாகக்கூட ஆகும்.

உயரத்தைக் கேட்பது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து, 2009-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் எல்லோருமே நினைவோடு, ஏறக்குறைய இயல்பாக இருந்த பிள்ளைகள். 100-க்கு 35 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஆனால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய மூளைக் காயம் இருந்தது 100-இல் ஒருவருக்கும் குறைவு. யாருக்கு ஸ்கேன் வேண்டாம், யாரைக் கூட வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய அதிலிருந்து ஒரு வழிமுறை வந்தது. அதில் உயரமும் ஒன்று: இரண்டு வயதுக்குள் என்றால் மூன்று அடி, அதற்கு மேல் என்றால் ஐந்து அடி. உங்கள் முழங்கால் அந்தக் கோட்டுக்குக் கீழே, உங்கள் மேசை கோட்டின் மேலேயே. நான்கு மணி நேரம் ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. எல்லோரும் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஏறுகிற புடைப்பைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை அதிகம் இல்லை, அதனால் சட்டென்று புடைக்கும். சின்னக் குழந்தையிடம் எங்களை நிமிர்ந்து உட்கார வைப்பது, காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ மெத்தென்று ஏறும் வீக்கம். உங்கள் மருத்துவர் தடவித் தேடியது அதைத்தான்.

ஏன் இத்தனை குழந்தைகள் தலையிலேயே விழுகிறார்கள் என்றால், பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இந்தக் கனமான தலையைத் தாங்கக் கழுத்தில் இன்னும் வலு வரவில்லை. விழும்போது கையை நீட்டி ஊன்றிக்கொள்ளும் அனிச்சைச் செயலோ ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும். நாலரை மாதக் குழந்தைக்கு முன்னால் நீட்ட எதுவும் இல்லை, தலை தவிர.

படிக்கட்டு அப்பா

எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த வாக்கர். மகளுக்குப் பத்து மாதம். நான் அதே அறையில் இருந்தேன், அவளைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "யாரும் பார்க்கலையா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒரு விநாடிக்குள் மூன்று அடிக்கு மேல் அதில் நகர்ந்துவிட முடியும் என்று பிறகுதான் படித்தேன். நான் எழுந்து நின்றபோது அவள் நான்காவது படியில் இருந்தாள். கனடாவில் 2004-லேயே இந்த வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். எங்களுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தவர்கள் பாவம், நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்.

மண்டை ஓட்டில் மெல்லிய கீறல், இரண்டு நாள் மருத்துவமனை. சரியாகிவிட்டது. வாக்கரை அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை, கழற்றிப் போட்டுவிட்டேன்.

மூன்று முறை

எனக்கு வேறு ஒரு கோபம் இருந்தது. மூன்று மாதக் குழந்தையோடு போனபோது ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். யார் கையில் இருந்தான், எப்போது, எந்தப் பக்கம் விழுந்தான். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று மனைவியிடம் கத்தினேன்.

இரவுப்பணி

சந்தேகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் விடவும் மாட்டோம். இன்னும் நகரவே தெரியாத குழந்தை தானாக அடிபட்டுக்கொள்ள வழி குறைவு. உலுக்கப்பட்ட குழந்தைக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், அதனால் எல்லோரையும் கேட்கிறோம். என் தங்கையையும் இப்படித்தான் கேட்டார்கள், அவளும் என்னிடம் வந்து கத்தினாள்.

சைக்கிள் அம்மா

இங்கே எல்லோரும் பெற்றோர் மறைத்ததைச் சொல்கிறீர்கள். என் வீட்டில் மறைத்தது பிள்ளை. மகளுக்கு ஒன்பது வயது. தெருமுனை வரைதானே என்று ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் போனாள். ஹெல்மெட் போடவில்லை என்று தெரிந்தால் சைக்கிளைப் பூட்டிவிடுவேன் என்று நான் முன்பே மிரட்டியிருந்தேன். அதனால் முழங்கைச் சிராய்ப்பை மட்டும் காட்டினாள். தலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் வாந்தி. வயிறு சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் "நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அதையே மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. "தலை அடிபட்டுச்சா?" என்றதும்தான் அழுதாள்.

மூளை அதிர்ச்சி என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, அந்த மாதிரி அடியில் பெரும்பாலும் தெரியாதாம். இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி. தலைவலி இல்லாமல் ஒரு பக்கம் படிக்க மூன்று வாரம் ஆனது. ஓடி விளையாட அதற்கும் மேல். ஹெல்மெட் போட்டிருந்தால் தலையில் அடிபடும் வாய்ப்பே ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சில் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் பூட்டிவிடுவேன் என்ற மிரட்டலை விட்டுவிட்டேன். அது ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றவில்லை, அடிபட்டதைத்தான் ஐந்து மணி நேரம் மறைக்க வைத்தது.

மேசையோரம்

எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

இப்போது டயாப்பர் மாற்றுவதெல்லாம் தரையில் பாய் விரித்துத்தான். மேசை சும்மா நிற்கிறது. பயலுக்கு இப்போது பதினொரு மாதம், நேற்று அதன் அடியில் தவழ்ந்து போய் எழுந்து நின்றான், நங்கென்று உச்சந்தலையில் இடி. அவன் அப்பா வேலையிலிருந்து வந்ததும் நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன், நேரம் உட்பட. உயரம் என்னவென்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் இல்லை.