மாஸ்டர்ஸ் முடிச்சவை மட்டுந்தான் மனுசரோ?

முறிகண்டியான்:
எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில பரிசளிப்பு. பிரதம விருந்தினரா வந்த ஐயா மைக்கைப் பிடிச்சு, "டிகிரி எண்டது இப்ப பழைய ஏ.எல். மாதிரி, மாஸ்டர்ஸ் முடிச்சாத்தான் ஆளை மதிப்பினம்" எண்டு அளந்தார். முன்னால இருந்த தாய் தேப்பனில அரைவாசி வயல் செய்யிற சனம். பிள்ளையை ஏ.எல். படிப்பிக்கவே தோட்டை அடைவு வைச்சவை. ஐயா செய்த மாஸ்டர்ஸ் என்னெண்டு விசாரிச்சன். சனி, ஞாயிறு போய் முடிச்ச 30 கிரெடிட் (படிப்பின்ர அளவைக் காட்டுற புள்ளி). இலங்கையில படிப்புத் தகுதியளை மட்டம் பிரிக்கிற எஸ்.எல்.கியூ.எஃப். இல 9ஆம் மட்டம். ஆய்வோட செய்யிறது 60 கிரெடிட், அது 10ஆம் மட்டம். பாதி செய்தவர் முழுசுக்குப் பிரசங்கம் வைக்கிறார்.

முள்ளியவளை ரீச்சர்:
நானும் சனி, ஞாயிறு போய்ப் படிச்சனான்தான். முல்லைத்தீவு வீதியால மாங்குளத்துக்கு வந்து, ஏ9 பெருந்தெருவில நிண்டு யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் கை காட்டி, இருட்டினாப் பிறகு வீடு வந்து சமைச்சு. பாதி எண்டு சொல்லுறவர் ஒருநாள் வந்து பாக்கட்டும்.

முறிகண்டியான்:
ரீச்சர், பஸ்ஸில நிண்டதுக்கு கிரெடிட் போடுறேல்லை. 30ஆ 60ஆ?

முள்ளியவளை ரீச்சர்:
30தான். அதிலயும் ஒரு சின்ன ஆய்வு செய்யவேணும், செய்தனான். சண்டை முடிஞ்சு செட்டிகுளம் அகதி முகாமுக்கால திரும்பி வந்த பிள்ளையள் ஏன் ஆறாம் வகுப்பிலயும் எழுத்துக் கூட்டினவை எண்டு பாத்தன். அதுக்கு முதல் "படிப்பில கவனமில்லை" எண்டு தேர்ச்சி அறிக்கையில எழுதிப்போட்டுப் போறனான். பிறகுதான், எந்தப் பிள்ளை எத்தினை இடம் மாறினது, எந்த வருசம் பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்தது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டன். எனக்குச் சம்பளம் கூடேல்லை. பதவி உயர்வுக்கு உதவினது பி.ஜி.டி.இ. எண்ட பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான். ஆனா வகுப்புக்குள்ள நிக்கிற ரீச்சர் வேற ஆள்.

மாங்குளம் சந்தி:
சபாஷ் ரீச்சர். முறிகண்டியார், கச்சான் வாங்கித் திண்டுபோட்டு ஆறுதலா வாங்கோ.

முறிகண்டியான்:
நல்ல விசயம்தான். அதுக்கு மாஸ்டர்ஸ் வேணுமோ? பிள்ளையிட்ட வாயால கேட்டாக் காணும். கட்டின காசுக்கு அந்த வகுப்புக்கே வாசிப்புப் புத்தகம் வாங்கியிருக்கலாம். அதோட நான் கேட்டது கிரெடிட்.

கனகராயன்:
ஒரு சின்னக் கேள்வி. பி.ஜி.டி.இ.யும் பட்டத்துக்குப் பிறகு படிக்கிறதுதானே, 8ஆம் மட்டம். எம்.ஃபில். 11, பி.எச்.டி. 12. எதை வைச்சுக் கதைக்கிறியள் எண்டு முதல் முடிவெடுத்தா நல்லது.

முறிகண்டியான்:
இதில முடிவெடுக்க என்ன இருக்கு? 30 கிரெடிட்டைப் பற்றித்தான் கதை.

அறிவியல்நகர் பெடியன்:
அண்ணை, நான் கிளிநொச்சி விவசாய பீடம். பேராதனையில பட்டப்பின் விவசாய நிறுவனம் 1975இல இருந்து இருக்கு. மண் விஞ்ஞானம் செய்த எங்கட சீனியர் அக்கா ஒராள் இருக்கிறா. 2021இல இரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினவங்கள் எல்லோ, அப்ப இரணைமடுவுக்குக் கீழ வயல் செய்யிற எங்கட மாமாவுக்கு, இந்த மண்ணில சேதனப் பசளை மட்டும் போட்டா தழைச்சத்து எவ்வளவு குறையும், விளைச்சல் எங்க போய் நிக்கும் எண்டு விதைக்க முதலே கணக்குப் போட்டுக் காட்டினா. அது டிகிரிப் பாடக்கொப்பியில இல்லை. மேல படிக்கேக்கதான் வந்தது.

முறிகண்டியான்:
தம்பி, உரம் இல்லாட்டி நெல்லு வராது எண்டு சொல்ல எம்.எஸ்சி. எதுக்கு? உம்மட மாமாவுக்கே தெரியும். அந்த வருசம் கார்த்திகைக்குள்ள அரசாங்கமும் தடையை எடுத்துப்போட்டுது, அவையளுக்கு ஆர் எம்.எஸ்சி. குடுத்தது?

அறிவியல்நகர் பெடியன்:
உரம் இல்லாட்டிக் குறையும் எண்டது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு எண்டதுதான் வித்தியாசம். மாமா அதைக் கேட்டு அரைவாசிக் காணியில உழுந்து போட்டார்.

முறிகண்டியான்:
உம்மட அக்கா 60 கிரெடிட்டா இருக்கும். அவவை நான் ஒண்டும் சொல்லேல்லையே.

ஓமந்தை ஊரான்:
நான் 60 கிரெடிட்தான். ஆய்வு, வாய்மொழிப் பரீட்சை எல்லாம் முடிச்சனான். 2020இல பட்டதாரிப் பயிலுநர் எண்டு மாசம் 20,000 ரூபாய்க்கு எடுத்தவை. இப்ப அபிவிருத்தி உத்தியோகத்தர். நாலு பேருக்கு ஒரு மேசை. மாஸ்டர்ஸ் சேர்டிஃபிக்கட்டைக் குடுத்தன், கோப்பில போட்டு நூல் கட்டி வைச்சிருக்கினம். மேசையில இருக்கிற மற்ற மூண்டு பேருக்கும் எனக்கும் ஒரே சம்பளம்.

முறிகண்டியான்:
பாத்தியளே! நான் சொன்னது இதுதான்.

ஓமந்தை ஊரான்:
நீர் சொன்னது 30 கூடாது, 60 திறம் எண்டு. நான் 60ஐ வைச்சுக்கொண்டும் சும்மா இருக்கிறன் எண்டுறன். எப்பிடி ஓய் ரெண்டும் ஒண்டாகும்?

முறிகண்டியான்:
உம்மட பிரச்சினை அரசாங்க உத்தியோகம்தான் வேணும் எண்டு இருந்தது. கம்பஸில விரிவுரையாளரா ஏற ஆய்வு கேப்பினம், அங்க போயிருக்கலாம்.

ஓமந்தை ஊரான்:
அங்க முதல் உள்ள எடுக்கவே டிகிரியில கிளாஸ் கேப்பினம், ஐயா. அதோட ஒரு பாடத்துக்கு எத்தினை இடம் வருது எண்டு தெரியுமோ? வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமானதும் கதவு திறந்திடும் எண்டு நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தனாங்கள்.

மாங்குளம் சந்தி:
வவுனியா வன்னியோ இல்லையோ எண்டு போன மாதம் இதே முறிகண்டியார் தானே சண்டை பிடிச்சவர்? இப்ப வவுனியாக்காரருக்கு வேலை பாத்துக் குடுக்கிறார்.

முறிகண்டியான்:
நான் சொன்னது ரவுனை. ஓமந்தையை ஒருநாளும் சொல்லேல்லை. பூநகரிப் பாதையில பஸ் ஓடேல்லை எண்டு பொய் எழுதினது நீர். அதுக்கு இண்டைக்கு வரைக்கும் பதில் இல்லை.

முள்ளியவளை ரீச்சர்:
இவருக்கு என்ன கோவம் எண்டு எனக்கு இப்ப விளங்குது. 2017 அளவில ஒராள் விண்ணப்பம் போட்டு, பிறகு பாதியில விட்டவர் எண்டு கேள்வி.

முறிகண்டியான்:
ரீச்சர், ஆளின்ர சொந்த விசயத்துக்குள்ள வராதேங்கோ. காசு கட்ட வழியில்லாமல் விட்டா அது வெக்கமோ? தங்கச்சிக்குக் கலியாணம் வந்தது. விட்டதால நான் குறைஞ்சும் போகேல்லை. நெல்லு வெட்டுற மெசின் ரெண்டு ஓடுது, ஓட்டுற பெடியளில ஒராள் பி.ஏ.

அறிவியல்நகர் பெடியன்:
அந்த பி.ஏ. பெடியன் மாஸ்டர்ஸ் செய்யப் போறன் எண்டா லீவு குடுப்பியளோ?

முறிகண்டியான்:
அறுவடைக்குள்ள எண்டா இல்லை. 60 கிரெடிட் எண்டா யோசிப்பன்.

கனகராயன்:
8ஆம் மட்டம் எண்டா?

மாங்குளம் சந்தி:
பூநகரிப் பாதையில அண்டைக்கு பஸ் ஓடேல்லைத்தான். நான் வாடியடியில நிண்டனான்.

முறிகண்டியான்:
எந்த நாள்? எத்தினை மணி? எழுதும் பாப்பம்.