கைக்குழந்தை வந்தப்புறம் விண்ட்சர்ஃபிங் சாமானைக் கார்ல எப்படி ஏத்துறீங்க? அவங்கவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டெல்ஃப்ட் காத்தாடி:

நெதர்லாந்துல டெல்ஃப்ட் பக்கம் இருக்கோம், நானும் வீட்டுக்காரம்மாவும் ரெண்டு பேருமே விண்ட்சர்ஃப் (பாய் மாட்டுன பலகையில நின்னு காத்துல ஓட்டுறது) பண்றவங்க. வண்டி சாதாரண ஹேட்ச்பேக் தான். பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடி போர்டு மட்டும் மேல, மத்ததெல்லாம் உள்ள. பின் சீட்டை மடக்கிட்டு மாஸ்ட் (பாயைத் தாங்குற கம்பம்) பையை டிக்கியில இருந்து டேஷ்போர்டு வரைக்கும் நடுவுல நீட்டி விட்டா வேலை முடிஞ்சுது, 430 செ.மீ. மாஸ்ட்னா ரெண்டு துண்டா பிரியும், ஒரு துண்டு சுமாரா 215 செ.மீ. வரும், கரெக்டா நிக்கும்.

இப்ப பின்னாடி பார்த்த மாதிரி கார் சீட் வந்துருச்சு (இங்க ஐ-சைஸ்ங்கற ஐரோப்பிய விதிப்படி வர்ற சீட்னா 15 மாசம் வரைக்கும் பின்னாடி பார்த்து தான் உக்கார வைக்கணும்), அதுக்காக முன் சீட்டை வேற முன்னாடி தள்ளியாச்சு, டிக்கில பாதி ஸ்ட்ரோலருக்கே போயிருச்சு. மடக்குறதுக்கு சீட்டும் இல்ல, நீட்டுறதுக்கு நடுவுல இடமும் இல்ல. அப்படியே இடம் இருந்தாலும் நான் வைக்க மாட்டேன். 100ல போறப்ப சடன் பிரேக் போட்டா அந்த கார்பன் மாஸ்ட் ஈட்டி மாதிரி தான் கிளம்பும், பக்கத்துல தூங்குறது நம்ம குழந்தை. அதனால நீளமான, கெட்டியான எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு வீட்ல சட்டமே போட்டாச்சு.

எல்லாம் மேல போகணும்னா உடனே எடை கணக்கு வருது. எங்க வண்டி மேனுவல்ல ரூஃபுக்கு 75 கிலோ தான், அதுல ரேக்கோட எடையும் சேர்த்தி, நிறைய சின்ன வண்டிக்கு 50 தான் போட்டிருப்பான், பாத்துக்கோங்க. ஆனா எங்களுக்கு எடை பிரச்சினையே வரல, ஏன்னா உக்காந்து யோசிச்சா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தண்ணிக்குள்ள போகவே முடியாது, ஒருத்தர் பாப்பாவோட கரையில இருந்தே ஆகணும், அப்புறம் எதுக்கு ரெண்டு செட்டு? ஒரு 115 லிட்டர் கன அளவு போர்டு, ஒரு மாஸ்ட், ஒரு பூம் (கையால பிடிக்கிற குறுக்குக் கம்பி), அவளுக்கு 6.0 சதுர மீட்டர் செயில் (பாய்), எனக்கு 7.0, ரெண்டுமே 430 மாஸ்ட்ல எக்ஸ்டென்ஷன் (அடியில நீட்டுற துண்டு) போட்டா நிக்கும். மிச்ச சாமான் எல்லாம் ஸ்டோர் ரூம்ல தூங்குது. ஷிஃப்ட் மாத்துறப்ப செயில் மாத்துறது தான் கடுப்பு, காத்து நல்லா இருந்தா நானும் 6.0லயே ஓட்டிடுவேன்.

கட்டுற விதம்: ஃபின்னை (போர்டு அடியில இருக்கற துடுப்பு மாதிரி தகடு) கழட்டிட்டு போர்டை கவுத்து, மேல்பக்கம் கீழ பாக்குற மாதிரி வச்சு, பக்கத்துல மாஸ்ட் பை, பூம், அதுக்கு மேல செயில். கேம் பக்கிள் (கையால இழுத்து இறுக்குற) ஸ்ட்ராப் தான், ராட்செட் (லீவர்ல இறுக்குற வகை) வச்சு கிர்ரு கிர்ருனு இறுக்குனா போர்டு ஓரம் நசுங்கிடும். ஸ்ட்ராப்பை நடுவுல ஒரு முறுக்கு முறுக்கி விடுங்க, இல்லன்னா ஹைவேல ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, தூங்கற புள்ள எந்திரிச்சு உக்காந்துரும். கெளம்பி பத்து நிமிஷத்துல ஒருதடவை நிறுத்தி இழுத்துப் பாத்துட்டு போறது. 2020 மார்ச்ல இருந்து இங்க பகல்ல ஹைவேல பெரும்பாலும் 100 தான், எல்லாரும் திட்டுறாங்க, ரூஃப்ல சாமான் கட்டுறவனுக்கு அது வசதி தான்.

போறது பிரவுவர்ஸ்டாம்ங்கற அணை, N57 ரோடு. அணை மேலயே வண்டிய நிறுத்தலாம், ஒரு பக்கம் வட கடல், இன்னொரு பக்கம் கிரேவலிங்கன் ஏரி. பாப்பா வந்தப்புறம் ஏரிப் பக்கம் மட்டும் தான். எங்களுக்குப் புடிச்ச காத்துன்னா மணலும் சேர்ந்து பறக்கும், அதுல கைக்குழந்தைய வெளிய வச்சிருக்க முடியாது, கரையில இருக்குறவங்க காருக்குள்ள தான்.

சுவான் நதி அம்மா:

பெர்த்ல இருந்து. அண்ணா சொன்ன ஒரே செட்டு ஐடியா சூப்பர், நாங்களும் அங்க தான் வந்து நின்னோம். எங்ககிட்ட இருக்கறது ஸ்டேஷன் வேகன், இடம் தாராளம், அதனால ஒண்ணும் மாறாதுன்னு வீட்ல ஒருத்தர் தெம்பா இருந்தார். ஆஸ்திரேலியால குழந்தை சீட்டுக்கு மேல ஒரு டெதர் ஸ்ட்ராப் கட்டியே ஆகணும், ஐசோஃபிக்ஸ் (சீட்டை வண்டி பாடியோட நேரா மாட்டுற பூட்டு) இருந்தாலும் அது வேணும். எங்க வண்டியில அதை மாட்டுற கொக்கி டிக்கி தரையில இருக்கு. அந்த ஸ்ட்ராப் சீட்டு உச்சியில இருந்து கீழ வரைக்கும் குறுக்கால விறைப்பா நிக்குது, பூம் நுழையல, செயில் நுழையல. அது மேல எதுவும் சாயவும் கூடாது. வண்டி வாங்கப் போறவங்க டிக்கியத் திறந்து அந்தக் கொக்கி எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க, சில வண்டில சீட்டு முதுகுலயே இருக்கும்.

அப்புறம் நேரம். இங்க கோடைல கடல் காத்து மத்தியானத்துக்கு மேல தான் வரும், ஃப்ரீமாண்டில் டாக்டர்னு பேரு, கரெக்டா அது வர்ற நேரம் தான் எங்க வீட்டு ராஜா தூங்குற நேரம். அவன் கார்ல ஏறுனா தான் தூங்குவான். சரி தூங்கட்டும்னு கார்லயே விட முடியுமா, அந்த வெயில்ல கொஞ்ச நேரத்துல அடுப்பாகிடும். அதனால சாமானைக் காலையிலயே கட்டிடுவோம், சுவான் நதிக்கரைல இருக்கற பெலிகன் பாயிண்ட் போய் சேர்ந்ததும் அவனை இறக்கி ஸ்ட்ரோலர்ல போட்டு மர நிழலுக்குக் கொண்டு போறது முதல் வேலை, அப்புறம் தான் ஸ்ட்ராப்ல கை வைக்கறது. தனியா போர்டு ஏத்துறவங்க ரெண்டு ஸ்ட்ராப்பையும் முன்னாடியே ரேக்ல விரிச்சு வச்சிருங்க, காத்துல ஒரு கை போர்டை விடவே கூடாது.

லண்டன் பெடியன்:

நாங்கள் லண்டனில இருந்து ஹேலிங் ஐலண்டுக்குப் போறனாங்கள். 1958இல பீட்டர் சில்வர்ஸ் எண்ட பெடியன், 12 வயசில, பாய் பூட்டின பலகையில ஓடினது அங்கதானாம், பிறகு விண்ட்சர்ஃப் பேட்டன்ட் வழக்கிலயும் அந்தக் கதை வந்தது. அதெல்லாம் சரி, தீவுக்குப் போறதுக்கு இருக்கிறது ஒரே ஒரு பாலம். கோடையில சனிக்கிழமை எண்டா வாகனம் நகராது, மகள் பின்னால இருந்து கத்துவா, மனுசி என்னைப் பாக்கிற பார்வை இருக்கே.

நான் கடைசியா விண்ட்சர்ஃப் சாமான் முழுக்க வித்துப்போட்டு விங் ஃபொயிலுக்கு (கையில பிடிக்கிற காத்தடிச்ச பாய் விங், பலகைக்கு அடியில தண்ணிக்குள்ள நிக்கிற இறக்கை ஃபொயில்) மாறிட்டன். விங் ஒரு முதுகுப் பையுக்க அடங்கும், ஃபொயில் கழட்டினா சின்னப் பை, போர்ட் ஒண்டரை மீட்டர் சொச்சம், ரூஃபில தனிய போட்டா ரெண்டு நிமிசம். மாஸ்டும் இல்லை, பூமும் இல்லை. ஆனா ஃபொயில் கத்தி மாதிரிக் கூர், பிள்ளை தவழுற இடத்தில உறை போடாம வைக்கக் கூடாது. விண்ட்சர்ஃப் ருசி இதில வருமோ எண்டா, வராது. பிள்ளை வளரும் வரைக்கும் இது காணும்.

டெல்ஃப்ட் காத்தாடி:

விங் பத்தி வீட்ல பேச்சு ஓடுது பெடியன், ஆனா 7.0 செயிலை விக்க மனசு வரல. அக்கா, அந்த டெதர் விஷயம் எனக்கு புதுசு, இங்க நிறைய சீட்டுக்கு அதுக்கு பதிலா முன்னாடி தரையில ஊனுற கால் தான் இருக்கு. ரெட்டைக் குழந்தை ஸ்ட்ரோலர் வச்சிருக்கவங்க யாராவது இருந்தா அதை எங்க வைக்கிறீங்கன்னு சொல்லுங்க. ரூஃப்னு மட்டும் சொல்லாதீங்க, அங்க இனி இடம் இல்ல.