சோழவந்தான் பக்கம் நடக்கும் நாவல்: ஊர் ஏன் எழுத்தில் ஒட்டவில்லை?

பாண்டிநாட்டான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே ஒரு கற்பனை ஊரை வைத்து நாவல் எழுதுகிறேன். காலம் 2014. இருபது வருடம் சென்னையில் இருந்த பெண், அப்பா இறந்ததும் அவருடைய வெற்றிலைக் கொடிக்காலை விற்க ஆடி மாதம் ஊருக்கு வருகிறாள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதுதான் கதை.

9 அத்தியாயம் முடிந்தது. படித்த மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "ஊரு அழகா இருக்கு, ஆனா எந்த ஊருன்னு தெரியல." வைகையில் தண்ணீர் ஓடுகிறது, பச்சை வயல் இருக்கிறது, கோயில் மணி, டீக்கடை பெஞ்சு, ஜல்லிக்கட்டுக் காளை எல்லாம் இருக்கிறது. இன்னும் எதைச் சேர்ப்பது? மாதிரிக்கு இரண்டு வரி:

"பச்சைப் பசேலென்ற கொடிக்கால் அவள் கண்ணைக் குளிர்வித்தது. சில்லென்ற காற்று பால்ய நினைவுகளை எழுப்பியது."

மடைத்தலை

தம்பி, சேர்க்க ஒன்றும் வேண்டாம். இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்பதை மட்டும் சரியாக வையுங்கள். நம் பக்கத்து ஊர்களின் கல்யாணம், கடன், சண்டை எல்லாமே அதன் பின்னால்தான் போகும்.

முதல் பிழை, ஆடியில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைகை நிறைந்து ஓடுவது. வைகை அணையில் திறக்கும் பாசனத் தண்ணீர் ஆற்று வழியே, ஆற்றின் குறுக்கே உள்ள பேரணை வரை வரும். அங்கே பெரும்பகுதி கால்வாய்க்குத் திரும்பிவிடும். அதற்குக் கீழே சோழவந்தான் பக்கம் அந்த மாதத்தில் பெரும்பாலும் மணலும் நாணலும் சீமைக்கருவேலும்தான். ஆறு அகலமாகக் கிடக்கும், வாய்க்காலில் தண்ணீர் சத்தம் கேட்கும். இந்த முரணை அப்படியே எழுதினாலே பாதி ஊர் வந்துவிடும்.

இரண்டாவது, எல்லா வயலும் ஒரே நேரத்தில் பச்சையாக இருக்காது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கமும், அந்தண்டை திருமங்கலம் பக்கமும் ஒருபோகம். அணையில் இருப்பு இருந்தால் இருபோகத்துக்கு ஜூனில் திறப்பார்கள், ஒருபோகத்துக்குச் செப்டம்பர் நடுவில். இருப்பு இல்லையென்றால் இரண்டுமே தள்ளிப்போகும். நமக்கு நல்ல மழை ஐப்பசியில்தானே, பிறகு ஏன் ஜூன்? 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழை சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. நம் ஊரில் மேகமே இல்லாத நாளில் நாற்றுக்குத் தண்ணீர் பாய்வது அதனால்தான்.

இதைக் கதையாக்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஆடியில் நடவு நடக்கும்போது, மேலூருக்குக் கீழே வாழ்க்கைப்பட்ட நாயகியின் அத்தை வீட்டில் நிலம் வெடித்துக் கிடக்கும். இவர்கள் கையில் புரட்டாசி வாக்கில் காசு புழங்கும், அவர்களுக்குத் தை, மாசி ஆகும். அத்தை ஏன் "நிலத்த இப்ப வித்துராத, அறுப்பு முடியட்டும், நானே வாங்கிக்கிறேன்" என்கிறாள் என்பதற்குக் காரணம் தானாகவே கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கையில் வைத்திருங்கள். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. கதை ஐப்பசி வரை நீண்டால், ஆற்றோர ஊரில் பதற்றத்தைக் கூட்ட இந்த மூன்று எண்களே போதும்.

செவியாறு

பேச்சு பற்றி மட்டும் சொல்கிறேன். கதை சொல்பவர் பொதுத்தமிழில் சொல்லட்டும், வட்டார வழக்கு உரையாடலில் மட்டும் வரட்டும். அதிலும் ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் கொண்டுவரப் பார்த்தால் வாசகர் தடுக்கி விழுவார். ஐந்தாறு சொல்லைத் தேர்ந்துகொண்டு அவற்றை விடாமல் பிடியுங்கள்: அங்கிட்டு, இங்கிட்டு, அம்புட்டு, வெள்ளன, வெரசா, சோலி.

மதுரைக் கதை என்றாலே பலரும் சறுக்கும் இடம் "ஆய்ங்க". "வந்தாய்ங்க" என்பது பல ஆண்களைக் குறிப்பது, அதில் மரியாதை கிடையாது. பெரியவர் ஒருவரைப் பற்றி "தாத்தா வந்தாய்ங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வந்தாரு" போதும், கிழக்கே மேலூர், சிவகங்கைப் பக்கம் போனால் "வந்தாக". அதேபோல் "ஏலே", "அண்ணாச்சி" இரண்டும் தெற்கத்திப் பேச்சு. உங்கள் ஊரில் அப்படிப் பேசுபவர் வந்தால் அவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு வரியாவது வேண்டும்.

முறைப்பெயர் அதைவிட முக்கியம். அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி. உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவைச் சீயான் என்பார்கள். நாயகி எந்த வீட்டில் எந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதிலேயே அவள் யார் வீட்டுப் பெண் என்று ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும். அதை நீங்கள் தனியாக விளக்க வேண்டாம்.

பாண்டிநாட்டான்

மடைத்தலை அண்ணே, அத்தையை மேலூருக்குக் கீழே மாற்றிவிட்டேன், மூன்று அத்தியாயம் நேராகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். நாயகியின் தோழி உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறாள், அது சரியா? கற்பனை ஊருக்கு எப்படிப் பெயர் வைப்பது?

ஊரணிக்கரை

ரயில் சரிவராது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010 கடைசியோடு ஓட்டத்தை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். 2014-இல் உசிலம்பட்டிக்கு ரயிலே கிடையாது. தோழி செக்கானூரணி வழியாக ஆரப்பாளையத்துக்குப் பேருந்தில்தான் வர வேண்டும். சோழவந்தான் திண்டுக்கல் பாதையில் இருப்பதால் அங்கே ரயில் உண்டு. ஒருத்திக்கு ரயில் இருக்கிறது, இன்னொருத்திக்குப் பிடுங்கிப்போட்ட தண்டவாளம்தான் இருக்கிறது என்பதையே இருவரின் பேச்சில் வைக்கலாம்.

பெயரில், ஈற்றைக் கவனியுங்கள். பட்டி, குளம், மங்கலம், கரை எல்லாம் உங்கள் பக்கத்துக்குப் பொருந்தும். வலசு என்று வைத்தால் கொங்கு வாடை, விளை என்றால் குமரி. பெயர் வைத்ததும் அதே பெயரில் வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்து உண்மையான ஊர்களின் பெயர், தூரம், திருவிழா மாதம் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் திருவிழா வைகாசியில்தான், கதை வசதிக்காக அதை ஆடிக்கு இழுத்தால் ஊர்க்காரர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். உங்கள் கற்பனை ஊரின் அம்மனுக்கு நீங்கள் விரும்பிய மாதத்தில் பொங்கல் வைத்துக்கொள்ளுங்கள். சொத்துத் தகராறு, பங்காளிச் சண்டை இதெல்லாம் உண்மையில் நடந்த குடும்பத்தை அப்படியே எடுக்காதீர்கள். சின்ன ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் மறையாது. தொழில், தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் மாற்ற வேண்டும்.

கொடிக்கால்வாசி

இரண்டு விஷயம், இரண்டும் நாயகிக்கு நேரடியாகப் பயன்படும்.

ஒன்று மொய் நோட்டு. ஆடியில் கல்யாணம், காதுகுத்து இருக்காது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வரத் தொடங்கிவிடும். அப்பாவின் மொய் நோட்டை அவள் எடுத்துப் பார்க்கட்டும். முதலில் ஊர் பெயர், பிறகு ஆள் பெயர், பிறகு தொகை. ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஊர் முன்னால் வரும். 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்த்தே இருக்கும். வந்ததைத் திருப்பும்போது கூட்டித்தான் செய்வார்கள். அப்பாவுக்கு வந்த மொய்யை எல்லாம் திருப்பிச் செய்வது இப்போது அவள் தலையில். நிலத்தை விற்றுவிடலாம், அந்த நோட்டை யாரிடம் விற்பது? உங்கள் கதையின் முடிச்சு எனக்கு அங்கேதான் தெரிகிறது.

இரண்டாவது கொடிக்கால். கண்ணைக் குளிர்விக்கும் வேலையெல்லாம் அதற்கு இல்லை, அது ஓயாத உழைப்பு. அகத்தியை வரிசையாக வளர்த்து அதில் கொடியை ஏற்றுவார்கள். கொடி ஏற ஏற, சாணுக்கு ஒரு கட்டாக வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு நெரிந்துவிடும். அகத்தி நிழல் கூடினால் தழையை ஒடித்து வெயில் விடுவார்கள், அந்தத் தழை ஆட்டுக்குப் போகும். நிழல் குறைந்தாலோ இலை வெளுக்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, வரிசையாகக் கொடி வாடும். பல கொடிக்கால்களில் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள். உங்கள் இரண்டு வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"வரப்பிலேயே செருப்பைக் கழற்றினாள். உள்ளே மண் ஈரமாக இல்லை. அகத்தித் தழையை ஒடிக்க ஆளில்லாமல் மேலே இருட்டிக் கிடந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் அப்பா கட்டிய வாழைநார் காய்ந்து, இன்னும் அவிழாமல் இருந்தது. அதற்கு மேலே கொடி கட்டில்லாமல் தொங்கியது."

அப்பா இறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது இப்போது கொடியிலேயே தெரிகிறது.

பாண்டிநாட்டான்

அந்த "கட்டில்லாமல் தொங்கியது" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அண்ணே. வாங்க வருகிறவர் அந்தக் கொடிக்காலைப் பார்த்து முதலில் என்ன கேட்பார்?

கொடிக்கால்வாசி

"கொடி எறக்கி எம்புட்டு நாளாச்சு?" என்றுதான். கொடி உயரப் போனால் இலை சிறுத்துவிடும், பறிக்கவும் எட்டாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, கொடியைக் கீழே இறக்கி, அடித்தண்டை மண்ணில் சுருட்டிப் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் கட்டுவார்கள். அப்பா படுக்கையில் இருந்த வருடம் அது நடந்திருக்காது. வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அந்த ஒரு கேள்வியே போதும். இறக்காத கொடியில் உச்சி இலை பறிக்க ஏணி வேண்டும், அதை முதல் அத்தியாயத்திலேயே வீட்டுச் சுவரில் சாத்தி வைத்துவிடுங்கள்.