கடனுக்கு மேல் கடன் கொடுத்துப் போட்டியிட்ட கதை

ஹட்டனிலிருந்து:

தேயிலைத் தூளைப் பொதி செய்து கடைகளுக்குக் கொடுக்கும் சிறு வியாபாரம் என்னுடையது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பனி எங்கள் பக்கம் வந்து, ஒரு டசன் பக்கட் எடுத்தால் ஒன்று இனாம், இரண்டு மாதக் கடன் என்று கடைக்காரர்களை வளைத்துக்கொண்டபோது, நானும் விலையைக் குறைத்து, நட்டத்தை ஈடுகட்டத் தாழ்ந்த தரத் தூளைக் கலந்து, கடனுக்கு மேல் கடனும் கொடுத்தேன். ஆறே மாதத்தில் பழைய வாடிக்கையாளர்களே பக்கட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கராக (தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் என் தூளையும் கம்பனித் தூளையும் கொண்டுபோனேன். அவர் இரண்டையும் ஒரே அளவாக நிறுத்துக் கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் வாயே திறக்காமல் இருந்தார். பிறகு கரண்டியால் உறிஞ்சித் துப்பிவிட்டு, "தம்பி, ரெண்டும் ஒன்னுதான். அப்ப கடைக்காரன் எதுக்கு ஒங்ககிட்ட வாங்கணும்? அவங்களால செய்ய ஏலாதது என்னான்னு பாருங்க" என்றார். கோபம் வந்தது உண்மைதான்.

ஆண்டு முழுவதும் ஒரே சுவையைக் கொடுக்க வேண்டியிருப்பதால், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் விளைவதையும் 2,000 அடிக்குக் கீழ் விளைவதையும் பெரிய கம்பனிக்காரர்கள் கலந்தே தீர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றில் எங்கள் திம்புள்ளைப் பக்கத்துக் கொழுந்தில் ஏறும் வாசனையைத் தனியாக விற்பது அவர்கள் கணக்குக்கு ஒத்துவராது. அதே மாதங்களில்தான் சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள் ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போகிறார்கள். கடன் கேட்ட கடைகளில் பாதியை விட்டுவிட்டு (வீட்டிலேயே எதிர்ப்பு), அந்த வாசனைத் தூளைத் தனியாகப் பொதி செய்து, தயாரித்த மாதத்தைப் பக்கட்டில் பெரிதாக அச்சிட்டு, கைக்காசுக்கு மட்டும் கொடுத்தேன். விற்பனை பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் மாத முடிவில் கையில் காசு நிற்கிறது. மே மாதத்தில் யாத்திரை முடிந்தபின் வரும் மந்தம்தான் தீராத தலைவலி.

பண்டாரவளையிலிருந்து:

ஐயா, உங்கள் மந்தகாலத்தில்தான், ஜூலை முதல் செப்டெம்பர் வரை, எங்கள் ஊவாப் பக்கத்துக்கு வாசனைக் காலம். எந்தக் கடையையும் விட மனம் வராமல், நல்ல தூளையும் மலிவுத் தூளையும் ஒரே பெயரில் ஓட்டியவன் நான். நல்லதை வாங்கிய ஒருவர், "இதே பேர்ல பக்கத்துக் கடையில பாதி வெலைக்குக் கெடைக்குதே" என்று பக்கட்டை மேசையில் வைத்தபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது மலிவுத் தூளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். கடைகளை விட்டபோது நிலுவைக் கடனை எப்படி வசூலித்தீர்கள் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.