பாரிஸில் பன்மொழிச் சபை: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். பாரிஸ் புறநகரில் மூன்று ஆண்டுகளாகச் சிறிய புராட்டஸ்டண்ட் சபையாகக் கூடிவருகிறோம். ஈழத்தமிழர், மடகாஸ்கர்க்காரர், கொங்கோ நாட்டவர், ஐந்தாறு பிரெஞ்சுக்காரர் என நாற்பது பேர்.

வாடகை மண்டபத்தை அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும்; வேறு இடம் தேடுகிறோம். மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டப்படி அரசு எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தருவதில்லை. (அல்சாஸ், மொசெல் பகுதிகள் விலக்கு, அவை அப்போது ஜெர்மனியிடம் இருந்தன.) அதே சட்டத்தின் முதல் பிரிவு வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உறுதி தருகிறது என்றால் மண்டபக்காரர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள்!

இப்போது 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சாதாரணச் சங்கம் நாங்கள். 1905 சட்டத்தின் கீழ் வழிபாட்டுக்கென்றே அமையும் வழிபாட்டுச் சங்கமாக மாற விரும்புகிறோம். 2021 சட்டத்துக்குப் பிறகு பிரிஃபெக்சரில் (மாவட்ட அரசு அலுவலகத்தில்) அதை அறிவித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்து முடித்தவர்கள் சங்க விதிகளின் மாதிரி ஒன்று தர முடியுமா?

அடுத்தது மொழி. பிரசங்கம் பிரெஞ்சில். பின்வரிசையில் நான் தமிழில் கிசுகிசுப்பேன். இடப்பக்கம் ஓர் அம்மா மடகாஸ்கர் மொழியான மலகாசியில். சென்ற ஞாயிறு போதகர் ஒரு வேடிக்கை சொன்னார். பிரெஞ்சுக்காரர் சிரித்து ஓய்ந்தபின் மலகாசி வரிசை சிரித்தது. என் வரிசை சிரிக்கவே இல்லை. என் மொழிபெயர்ப்பின் லட்சணம் அப்படி.

ஹெட்செட் வைத்து மொழிபெயர்க்கும் சபைகள் எந்தக் கருவியை வாங்கின, என்ன செலவானது? மூத்தவர்களுக்குக் கீர்த்தனை இல்லாமல் ஆராதனை இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. கீர்த்தனைகளை பிரெஞ்சு எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.