அவசரம்: நீதிமன்றத் தாள் கையில் இருந்தும் வீட்டை விற்க முடியவில்லை

சாரதா (வெள்ளவத்தை):
வணக்கம். அப்பாவின் வீட்டை விற்கப் போகிறோம். டெஸ்டமென்டரி வழக்கு (இறந்தவரின் சொத்துக்கான வழக்கு) போட்டு, நீதிமன்றத் தாளும் கைக்கு வந்துவிட்டது. வாங்குகிறவர் முற்பணம் தந்துவிட்டார். இப்போது அவருடைய நொத்தாரிசு, இந்தத் தாளை வைத்து விற்பனை உறுதி (காணிப் பத்திரம்) எழுத முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். காரணம் கேட்டால் "உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்" என்கிறார். எங்கள் சட்டத்தரணி தொலைபேசியை எடுப்பதில்லை. உடன்படிக்கைத் தவணை அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. நொத்தாரிசை மாற்றச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, எந்தத் தாள்? மரண சாசனம் (உயில்) இருந்தால் வரும் புரோபேட்டா, இல்லாவிட்டால் வரும் நிர்வாகக் கடிதமா? அப்பா மரண சாசனம் எழுதி வைத்தாரா? வாரிசுகள் எத்தனை பேர், யாராவது பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறார்களா?

மருதானை நானா:
வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். கையில் காசு வைத்திருப்பவரின் நொத்தாரிசு சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வார். வங்கியின் சட்டத்தரணி முப்பது வருடத்து உறுதிகளையும் தோண்டாமல் விடமாட்டார்.

பத்தரமுல்லை பாலா:
இது மரண வரிப் பிரச்சினைதான், சந்தேகமே இல்லை. இறைவரித் திணைக்களத்திலிருந்து மரண வரி கட்டி முடித்த சான்றிதழ் எடுக்காமல் யாரும் உறுதி எழுதமாட்டார்கள். எங்கள் பெரியப்பாவின் காணிக்கு அதை எடுக்க அலையாய் அலைந்தோம்.

கணக்காளர் மாலினி:
பாலா அண்ணா, மரண வரி 1985 நவம்பரிலேயே ஒழிந்துவிட்டது. அதற்கு முன் இறந்தவரின் பெயரில் இன்னும் கிடக்கும் சொத்துக்குத்தான் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். உங்கள் பெரியப்பா எப்போது இறந்தார்?

பத்தரமுல்லை பாலா:
1981.

கணக்காளர் மாலினி:
அதுதான்.

புதுக்கடைப் பழையவர்:
இதே கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. "நீதிமன்றத் தாள்" என்றால் என்ன, அம்மணி? அழைப்பாணையும் நீதிமன்றத் தாள்தான், பிடியாணையும் நீதிமன்றத் தாள்தான். தலைப்பை வாசித்து இங்கே எழுதுங்கள். நொத்தாரிசை மாற்றுவதாம்! அந்த மனிதர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

தெகிவளை ரமேஷ்:
எனக்கு ஒன்று புரியவில்லை. இதற்கு ஏன் வழக்கு? வாரிசுகள் எல்லோரும் சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடித்துக் கையொப்பம் வைத்தால் போதாதா? எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தோம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
ஊரில் செய்திருப்பீர்கள். மரணச்சொத்தின் பெறுமதி 40 இலட்சத்தைத் தாண்டினால் டெஸ்டமென்டரி வழக்கு இல்லாமல் முடியாது. வெள்ளவத்தையில் 40 இலட்சத்துக்கு வாசற்படிகூட வராது.

சாரதா (வெள்ளவத்தை):
வேலையில் இருந்ததால் பார்க்கவில்லை. மரண சாசனம் இல்லை. அப்பா 2019இல் இறந்தார். தாள் அம்மாவின் பெயரில் இருக்கிறது, சிவப்பு முத்திரை குத்தியது. அம்மா, நான், தம்பி. தம்பி ரொறொன்ரோவில் இருக்கிறான். எட்டுப் பேர்ச் காணி, பழைய வீடு. வாங்குகிறவருக்கு வங்கிக் கடன்.

நல்லூரான்:
ஒரு முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்பா எந்த ஊர்? யாழ்ப்பாணம் என்றால் வட மாகாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் வரும். அப்படியானால் பங்குக் கணக்கே வேறு. வெளியாருக்கு முன் பங்காளிகள் வாங்கும் முன்விலைக் கொள்வனவு உரிமையும் இருக்கிறது, பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் நாளைக்கு வழக்கு வரும். நொத்தாரிசு பயப்படுவது இதற்குத்தான்.

மருதானை நானா:
எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு 1931ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. கணக்கு ஒரே நாளில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்காகச் சண்டை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நல்லூரான் அண்ணா, முன்விலைக் கொள்வனவு பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வட மாகாணத்துக் காணிகளுக்கு மட்டும்தான். வெள்ளவத்தைக்கு அது வராது.

நல்லூரான்:
காணியைப் பொறுத்தவரை சரி. ஆனால் மரபுரிமை ஆளோடு போகும். வட மாகாணவாசியின் சொத்து கொழும்பில் இருந்தாலும் தேசவழமைதான். சாரதா, அப்பா எந்த ஊர்?

புதுக்கடைப் பழையவர்:
"வாசி" என்றால் பிறந்தவர் அல்ல. கொழும்பில் வேலை, கொழும்பில் வீடு, பிள்ளைகள் கொழும்பில் படித்தார்கள், திருவிழாவுக்கு மட்டும் ஊர் போனார் என்றால் அவரை வட மாகாணவாசி என்று நிறுவ வழக்குப் பேசவேண்டும். அந்தச் சண்டை உமக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே வேண்டாம்.

நல்லூரான்:
நிரந்தரமாக ஊர் திரும்பும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. போர்க்காலத்தில் வந்து தங்கியவரை எல்லாம் கொழும்பாக்கிவிட முடியாது, ஐயா. நீங்கள் புதுக்கடை நீதிமன்றத்தில் கோப்புத் தூக்கியதற்காகச் சட்டம் உங்கள் சட்டைப்பைக்குள் வந்துவிடாது.

கணக்காளர் மாலினி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். பொதுச் சட்டம் என்றால் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மீதி இரண்டு பிள்ளைகளுக்கும் சமம். தேசவழமை என்றால், திருமணத்துக்குப் பின் காசு கொடுத்து வாங்கிய வீடு தேடிய தேட்டம், அதிலும் அம்மாவுக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு. அப்பா தன் உழைப்பில் வாங்கியதாக இருந்தால் எந்த வழியில் போனாலும் ஒரே இடம்தான். எதற்குச் சண்டை?

நல்லூரான்:
முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வந்ததாக இருந்தால்?

ரொறொன்ரோ ராசா:
தம்பி கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டாரா என்று பாருங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வைத்திருக்க முடியாது. அவருடைய பங்கு இல்லாமல் போய்விடும். இங்கே பலர் இதனாலேயே கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
தயவுசெய்து பயம் காட்டாதீர்கள், அண்ணா. அந்தச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. மரண சாசனம் இல்லாமல் இறந்த நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாக வருவதற்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. தம்பியின் பங்கு எங்கும் போகாது. அவருடைய கையொப்பம்தான் தேவைப்படும், அதை ரொறொன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் வைக்கலாம்.

புதுக்கடைப் பழையவர்:
கூட்டம் கலைந்துவிட்டதா? இப்போது விடயத்துக்கு வருவோம். மரண சாசனம் இல்லை என்றால் கையில் இருப்பது நிர்வாகக் கடிதம். புரோபேட் அல்ல. மரண சாசனத்தை நிறைவேற்றுகிறவர், சாசனம் தடுக்காதவரை, விற்கலாம். நிர்வாகிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாளின் கடைசிப் பந்தியைப் படியுங்கள், பலர் முத்திரையைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தின் விசேட அனுமதியில்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ வேறு விதமாகக் கைமாற்றவோ அதிகாரமில்லை என்று ஒரு வாக்கியம் இருக்கும். உங்கள் நொத்தாரிசு அதைப் படித்திருக்கிறார். நீங்கள் படிக்கவில்லை.

அதே வழக்கில் அதே இலக்கத்தில் அம்மா ஒரு மனுப் போடவேண்டும்: என்ன சொத்து, யாருக்கு, என்ன விலைக்கு, ஏன் விற்கவேண்டும். கூடவே மதிப்பீட்டாளரின் அறிக்கை. நீங்களும் தம்பியும் சம்மதிப்பதாகச் சத்தியக் கடதாசி. சிறுபிள்ளை வாரிசு இல்லாததால் நீதிபதி பெரிதாகக் கிண்டமாட்டார். நீதிமன்ற விடுமுறை வருமுன் போடுங்கள். வருகிற பணத்தை இறுதிக் கணக்கில் காட்டவும் மறக்கவேண்டாம்.

தெகிவளை ரமேஷ்:
ஐயா, இறந்தவுடனேயே உரிமை வாரிசுகளுக்குப் போய்விடுகிறது அல்லவா? அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கையொப்பம் வைத்தால் அனுமதி எதற்கு?

புதுக்கடைப் பழையவர்:
சட்டப் புத்தகத்தில் நீர் சொல்வது சரி. அதை எடுத்துக்கொண்டு போய் வங்கியின் கடன் பிரிவில் வாதாடும். வென்றால் வந்து சொல்லும்.

மருதானை நானா:
அவசரத்தில் ஒன்றை விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. உடன்படிக்கைத் தவணையை இப்போதே நீடியுங்கள், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு. காணி பற்றிய உடன்படிக்கைக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இன்றும் காவல் நிற்கிறது. "பரவாயில்லை அக்கா, ஆறுதலாகச் செய்யலாம்" என்று வாங்குகிறவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி அதற்கு முன் செல்லாது. அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை என்ற நிபந்தனையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். உண்மையில் முதல் உடன்படிக்கையிலேயே அது இருந்திருக்கவேண்டும். முற்பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறீர்கள்தானே?

கணக்காளர் மாலினி:
விற்றபின் மூலதன ஆதாய வரியும் இருக்கிறது, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2017 செப்டெம்பர் 30 அன்று கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியை அடக்கவிலையாக எடுக்கலாம். உங்கள் விடயத்தில் அப்பா 2019இல் இறந்ததால் எந்தத் திகதியை எடுப்பது என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள். எப்படியும் மனுவுக்கு மதிப்பீட்டாளரை அழைக்கிறீர்கள், பழைய பெறுமதியையும் அவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் தலையில்.

சாரதா (வெள்ளவத்தை):
கடைசிப் பந்தியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா பார்க்கவில்லை. சட்டத்தரணியை நேரில் போய்ப் பிடித்தேன், மனுத் தயாராகிறது. தம்பி தூதரகத்தில் நேரம் எடுத்துவிட்டான். தவணை நீடிக்க வாங்குகிறவர் சம்மதம், ஆனால் முற்பணத்துக்கு வட்டி கேட்கிறார். எல்லோருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
வட்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா! உடன்படிக்கையில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நல்லூரான்:
அப்பா எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லவில்லை.

வத்தளை ஜெனி:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் எங்களுடையது மாடிக் குடியிருப்பு. மாமாவின் பெயரில் இருக்கிறது. நீதிமன்றத் தாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

புதுக்கடைப் பழையவர்:
என்ன தாள்?