மறுமொழி: 'ரெஸ்டிங்' என்பதற்கு ஆறப்பொறுத்தல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமையல் கலைச்சொல் பட்டியலில் ஸ்டேக் (தடித்த முழு இறைச்சித் துண்டைச் சுட்டுச் சமைப்பது) பகுதியைத் தொட்ட நாள்முதல் நம் விவாதம் ஒரே சொல்லைச் சுற்றி வருகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய இறைச்சியை உடனே வெட்டாமல் சிறிது நேரம் வைத்திருக்கிறார்களே, அந்த 'ரெஸ்டிங்'. இதுவரை ஓய்வு, தம், அடங்கல், ஆறவைத்தல் என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஞாயிறன்று கும்பகோணத்தில் என் வீட்டு அடுப்படியில் இரண்டு துண்டு சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

என் முன்மொழிவு: ஆறப்பொறுத்தல். ஏவலில் ஆறப்பொறு. செய்முறையில், "கல்லிலிருந்து எடுத்து ஏழு நிமிடம் ஆறப்பொறுக்கவும்." இதைப் புதுச்சொல் என்றுகூடச் சொல்லமாட்டேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கக்கூடாதா என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆக்குவது ஒரு வேலை, ஆறப்பொறுப்பது அதற்கு அடுத்த வேலை என்ற பிரிப்பு அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது.

அன்று செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கறிக்கடைகளில் கத்தி குழம்புத் துண்டுக்குப் பழகியது. மாட்டின் முதுகுத் தசையை இரண்டு விரற்கடைத் தடிமனில், நாருக்குக் குறுக்காக, முழுத் துண்டாக வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லி வாங்கி வந்தேன். உப்புத் தடவி ஒரு மணி நேரம் வைத்தேன். மேலே கசிந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அம்மா காலத்து இரும்புத் தோசைக்கல்லை இலேசாகப் புகை கிளம்பும்வரை காயவைத்து, துண்டுகளைப் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினேன். இறுதியில் கொஞ்சம் வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் சேர்த்தேன். பக்கத்து அடுப்பில் மசியலுக்கு உருளைக்கிழங்கு.

முதல் துண்டை எடுத்தவுடன் வெட்டினேன். கத்தி பாதி இறங்குவதற்குள் இளஞ்சிவப்பு நீர் தட்டில் பரவி, மசியலின் ஓரத்தை நனைத்து, அந்த வெள்ளையில் ஒரு சிவப்புக் கரை கட்டியது. (அது ரத்தம் அன்று. மயோகுளோபின் என்னும் தசைப்புரதம் கலந்த நீர். ஆகவே உள்ளே சிவப்பாக இருக்கும்படி இலேசாக வேகவிடும் 'ரேர்' பதத்துக்கு முன்பு வந்த 'குருதிப்பதம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறவேண்டும் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.)

இரண்டாவது துண்டைக் கம்பித் தட்டின்மேல் வைத்து நடுவில் வெப்பமானியைச் செருகினேன். எடுக்கும்போது 52 டிகிரி செல்சியஸ். கல்லை விட்டு இறக்கிய பிறகும் எண் ஏறிக்கொண்டே போய் 56-இல் நின்றது. ஏழாவது நிமிடம் வெட்டினேன். வெட்டிய முகம் ஈரமாக மின்னியது. தட்டில் சில சொட்டுகள் மட்டுமே.

காரணம் எளிது. கல்லைத் தொட்ட மேற்புறம் நடுப்பகுதியைவிட மிகவும் சூடாக இருக்கிறது. இறக்கிய பின் அந்தச் சூட்டில் ஒரு பகுதி காற்றில் போகிறது, ஒரு பகுதி உள்ளே நடக்கிறது. வெளிச்சூடு தணிகிறது, உட்சூடு ஏறுகிறது, இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. சூடு தணியத் தணியச் சாறும் சற்றுக் கெட்டிப்படுவதால் வெட்டும்போது அவ்வளவாக ஓடுவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு விதி ஸ்டேக்குக்கு 63 டிகிரியும் அதற்குப் பின் 3 நிமிடக் காத்திருப்பும் என்றே சொல்கிறது (என் துண்டு அந்த அளவுக்குக் கீழேதான் நின்றது). காத்திருப்பும் வேக்காட்டின் பகுதி. அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

திருவாரூர் நண்பர் எழுப்பிய தடை வலுவானது:

> உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது 'ஆறுதல்' என்பது பொருட்பிழை அல்லவா?

ஆறுதல் என்றால் குளிர்தல் மட்டும்தான் என்று கொண்டால் பிழைதான். ஆனால் தமிழில் எவையெல்லாம் ஆறுகின்றன என்று பாருங்கள். புண் ஆறுகிறது. சினம் ஆறுகிறது. நடந்து வந்தவர் இளைப்பாறுகிறார். நாகூரிலும் காரைக்காலிலும் காலையில் பசியாறிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இவற்றில் எதுவும் குளிர்வதில்லை. கொந்தளித்த ஒன்று தன் நிலைக்குத் திரும்புகிறது. தோசைக்கல்லின் அடி வாங்கிய இறைச்சிக்கும் அதுவே நடக்கிறது.

இதைவிட நெருக்கமான சான்று நம் நெற்களத்தில் இருக்கிறது. புழுங்கல் போடுபவர்கள் ஊறவைத்து அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஒரே மூச்சில் காயவைத்துச் சூட்டோடு ஆலைக்குள் தள்ளினால் அரிசி உடைந்து நொய்யாகக் கொட்டும். எனவே இடையில் குவித்து ஆறப்போடுகிறார்கள். வெயில் பட்டு மணியின் மேற்பகுதி காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். குவியலில் கிடக்கும் நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே நகர்ந்து மணி முழுதும் ஒரே பதத்துக்கு வருகிறது. பிறகு மறுபடி பரப்பிக் காயவைத்தாலும் அரைத்தாலும் மணி தாங்கும். கையைக் குவியலுக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே தணிந்த பிறகும் உள்ளே வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். இருந்தும் அதை ஆறப்போட்ட நெல் என்றுதான் சொல்கிறோம். உள்ளும் புறமும் ஒன்றாகும் காத்திருப்புக்கு டெல்டாவில் 'ஆற' என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. அதை இறைச்சிக்கும் நீட்டுகிறோம், அவ்வளவே.

அப்படியானால் ஆறப்போடுதல் என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். பேச்சுவழக்கில் அது ஒரு காரியத்தைத் தள்ளிவைப்பதையும் குறிக்கிறது. ஏழு நிமிடத்துக்குரிய சொல் ஏழு மாதத்தை நினைவூட்டக்கூடாது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. 'இறைச்சிக்கு ஓய்வு கொடுக்கவும்' என்பது ஆங்கிலத்தின் நிழல், காதில் ஒட்டவில்லை. தம் என்பதில் மூடியை மாவு வைத்து அடைத்து ஆவியை உள்ளே நிறுத்துகிறோம். அதை இங்கே செய்தால் பாடுபட்டுப் பெற்ற முறுகல் ஊறிக் குழைந்துவிடும். அதாவது நேர் எதிரான வேலை. அடங்கல் அழகான சொல்தான். ஆனால் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகும் ஒவ்வொரு விவசாயியும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குவது அடங்கல் சான்று. டெல்டாவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுக்க முடியாது. ஆறவைத்தல் என்று எழுதினால், படிப்பவர் மின்விசிறிக்கடியில் வைத்துச் சில்லென்று ஆக்கிவிடுவார். 'பொறு' என்ற பகுதி இங்கேதான் கைகொடுக்கிறது. இறைச்சி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். சமைப்பவர் செய்ய வேண்டியது பொறுப்பது மட்டும்.

பெயர்ச்சொல்லில் ஓர் எச்சரிக்கை. இந்த வினையிலிருந்து 'ஆற்றல்' என்றோ 'ஆறுநேரம்' என்றோ கிளைக்க விடக்கூடாது. முதலாவது இயற்பியலுக்குப் போய்விட்டது, இரண்டாவது எண்ணோடு குழம்பும். கால அளவுக்கு 'பொறுநேரம்' போதும்: பொறுநேரம் 7 நிமிடம்.

இழையில் தொங்கும் வேறு சில சொற்கள்.

கடும் சூட்டில் மேற்புறத்தை முறுகவைக்கும் 'சியரிங்' என்பதற்கு வந்த 'சாறடைப்பு' கூடவே கூடாது. அதிக வெப்பம் இறைச்சியின் மேலே பூட்டுப் போட்டுச் சாற்றை அடைக்கிறது என்பது 1847-இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் பரப்பிய கருத்து. அது பிழை என்று எப்போதோ தெரிந்துவிட்டது. என் முதல் துண்டே நன்றாக முறுகியிருந்தும் சாற்றைக் கொட்டியது. பிழையான அறிவியலைச் சொல்லுக்குள் வைத்துத் தைத்தால் பிறகு பிரிக்க முடியாது. உண்மையில் நடப்பது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் பெறுவது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயார் பெயரால் மயார் வினை என்கிறார்கள். 'முறுகச் சுடுதல்' என்றால் அனைவருக்கும் புரியும்.

'மேஷ்' என்பதற்குச் சொல் தேடவே வேண்டியதில்லை. கருணைக்கிழங்கு மசியல் உண்ணும் ஊரில் உருளைக்கிழங்கு மசியல் என்று எழுதத் தயங்குவானேன்? மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த கிழங்கு என்றாலும் மசிவது நம் மத்தில்தான். ஆனால் வினையில் கவனம் தேவை: மசிக்க வேண்டும், கடையக்கூடாது. கீரையைக் கடைகிறோம், அதற்கு ஒன்றும் ஆகாது. வெந்த உருளைக்கிழங்கைக் கடைந்தாலோ மிக்சியில் விட்டாலோ உடைந்த உயிரணுக்களிலிருந்து மாவுச்சத்து வெளிவந்து பசையாக இழுக்கும். குளிர்ந்த உப்புநீரில் போட்டு வேகவைத்து, வடித்து, ஈரம் போகச் சூட்டில் இரண்டு நிமிடம் உலர்த்தி, மத்தால் அழுத்தி மசித்து, பிறகு வெண்ணெயும் சூடான பாலும். மசித்தல், கடைதல் என்று தமிழ் இரண்டு சொல் வைத்திருப்பது இங்கே எவ்வளவு உதவுகிறது பாருங்கள்.

கடைசியாக ஸ்டேக். நாகை அம்மையார் கேட்டது 'கொழுங்குறை', அதாவது கொழுத்த இறைச்சித் துண்டு. கரிகாற்சோழன் விருந்தில் பொருநர்கள் உண்ட, 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்ற பொருநராற்றுப்படை வரியிலிருந்து எடுத்தது. நம் காவிரிக்கரை அரசனின் விருந்து. எனக்கும் அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். சூடு பொறுக்காமல் துண்டை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றினார்கள் என்று அடுத்த வரி சொல்கிறது. அவர்களும் ஆறப் பொறுக்கவில்லை. ஆனாலும் கறிக்கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளின் பெயரைப் பிரியாணியைப்போல் ஸ்டேக் என்றே விட்டுவிடலாம். செயலுக்கான சொற்களே நமக்கு முதல் தேவை.

பட்டியலுக்கு என் பரிந்துரை: ஆறப்பொறுத்தல், பொறுநேரம், முறுகச் சுடுதல், மசியல். மாற்றுக் கருத்துள்ளவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், நெல்லைக் குவித்து வைப்பதற்கு உங்கள் களத்தில் ஆறப்போடுவது தவிர வேறு சொல் வழங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் இந்த மடலை மறுபடி எழுதவும் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து